மலடி என்னும் சொல்: ஓர் இலக்கிய விசாரணை

நம் மொழியில் சில சொற்கள் பெயராக மாத்திரம் நில்லாமல் தீர்ப்பாகவும் நின்றுவிடுகின்றன. 'மலடி' என்பது அவற்றுள் ஒன்று. ஒருத்தியை நோயாளி என்றால் அவளுக்கு என்ன நோய் என்று கேட்கத் தோன்றும். ஏழை என்றால் எதனால் ஏழையானாள் என்று கேட்கத் தோன்றும். மலடி என்றாலோ கேள்வி அத்துடன் தீர்ந்துபோகிறது. அவள் உடம்பில் வந்த ஒரு நிலைமையைச் சொல்வதாக இல்லாமல், அவளே அதுதான் என்பதுபோல அச்சொல் அவள்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. 'மலடன்' என்ற ஆண்பாற் சொல்லும் அகராதியில் உண்டு. அதனை நம் தோட்டத்து லயங்களிலாவது பட்டணத்துத் தெருக்களிலாவது ஒருவர் வாயால் கேட்டவர் எத்தனை பேர்?

இச்சொல்லை நம் இலக்கியம் எவ்வாறு ஆண்டது, அதற்கு அடியில் கிடக்கும் உவமை யாது, அவ்வுவமை உண்மைக்கு ஒத்ததுதானா என்பவற்றைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. இடையே வைத்திய விஷயமும் வரும். தோட்டத்துக் கிராணிக்கு வைத்திய சாஸ்திரம் எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். பெண்ணின் வயிற்றை வயல் என்று பாடிய புலவர்கள் எல்லாரும் ஏர் பிடித்துப் பார்த்தா பாடினார்கள்?

அந்த வயல் உவமைதான் எல்லாவற்றுக்கும் மூலம். மலடு என்ற சொல் பசுவுக்கும் ஆகும், மரத்துக்கும் ஆகும், நிலத்துக்கும் ஆகும். நீரற்றுக் கிடக்கும் ஆற்றுக்கும் ஆகும்; தென்னாற்காட்டுப் பக்கத்தில் 'மலட்டாறு' என்றே ஓர் ஆற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். (மழைக்காலத்தில் அந்த மலட்டாற்றிலும் வெள்ளம் வருவதுண்டு. பெயர் வைத்தவர்கள் கோடையிலே போய்ப் பார்த்தார்கள் போலும்!) கணவன் விதைப்பவன், மனைவி நிலம், பிள்ளை விளைச்சல். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நம்மவர் பல நூற்றாண்டு பேசிவிட்டார்கள். நிலம் என்பது என்றும் ஒரே இடத்தில் ஒரே குணத்தோடு கிடப்பது. ஆகையால் விளையாத நிலம் என்றால் என்றும் விளையாதது என்றாகிவிட்டது.

இவ்வுவமையையாவது நம்மவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்களா என்றால் அதுவும் இல்லை. பயிர் முளைக்கவில்லை என்றால் நல்ல உழவன் முதலில் விதையைத்தான் சந்தேகிப்பான். ஒரு கைப்பிடி எடுத்து ஈரத்துணியில் கட்டி வைத்து முளைவிடுகிறதா என்று பார்ப்பான். நிலத்தைக் குறை சொல்வது அதற்குப் பின்தான். கல்யாணம் செய்து ஐந்து வருஷம் ஆகியும் பிள்ளையில்லாத வீட்டில் இந்த உழவனுடைய அறிவு எங்கே போய்விடுகிறது?

பழைய கதைகளைப் பார்ப்போம். திருக்குறளில் மக்கட்பேற்றுக்கென ஓர் அதிகாரமே இருக்கிறது. பிள்ளையின் சிறப்பைப் பத்துக் குறளில் சொல்லிய வள்ளுவர், பிள்ளை பெறாதவளைப் பற்றி அவ்வதிகாரத்தில் ஒரு சொல்லும் இழிவாகச் சொன்னாரில்லை. அந்த மௌனம் மரியாதையானது. இராம கதையில் தசரதனுக்குப் பட்டத்து மனைவியர் மூவர். மூவருக்கும் நெடுங்காலம் பிள்ளையில்லை. மூன்று வயலிலும் விளைச்சலில்லை என்றால் கணக்குப் பார்க்கத் தெரிந்தவன் எங்கே சந்தேகப்பட வேண்டும்? கதை அந்த இடத்தில் வேள்வியை மூட்டிப் பாயசத்தைக் கொண்டுவந்து கேள்வியை மறைத்துவிடுகிறது. பாரதம் இதில் துணிவுள்ளது. பாண்டுவால் பிள்ளை தர இயலாது என்பதை ஒளிக்காமலே சொல்லி, அதற்கு மாற்று வழியையும் சொல்கிறது. நம் ஊர்ப்பேச்சு அந்தப் பழைய இதிகாசத்தின் நேர்மைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கொங்கு நாட்டில் இரவிரவாக உடுக்கடித்துப் பாடப்படும் அண்ணமார் கதையில், குன்றுடையார் மனைவி தாமரை நெடுநாள் பிள்ளையில்லாதிருந்து, கடுந்தவம் செய்து, சிவனிடம் வரம் பெற்றுப் பொன்னர், சங்கர், தங்காள் ஆகியோருக்குத் தாயாகிறாள். தவம் செய்தவள் தாமரைதான். குன்றுடையாரைத் தவத்துக்கு அனுப்பக் கதை நினைக்கவில்லை. நாட்டுப்புறத் தாலாட்டுகளிலும் இதே சங்கதிதான். பிள்ளையைத் தொட்டிலில் இட்டுப் பாடும் தாய், அதற்காகத் தான் முழுகிய குளங்களையும் சுற்றிய கோயில்களையும் வரிசை வைக்கிறாள். பாட்டு இனிமையானது, அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அந்த இனிமைக்குள்ளே அவள் பட்ட ஏச்சுகளின் பட்டியலும் ஒளிந்திருக்கிறது.

ஒன்று மாத்திரம் பெண்களின் அன்றாடப் பேச்சில் உண்மைக்கு வெகு அருகில் நிற்கிறது. 'கரு தங்கவில்லை' என்று நம் தாய்மார் சொல்கிறார்கள். விளையவில்லை, முளைக்கவில்லை என்பவை புலவர் பேச்சு. தங்கவில்லை என்பது வயிறு அறிந்தவள் பேச்சு. தங்குவதற்கு வந்தவர் வேறு, தங்குமிடம் வேறு, தங்கும் காலம் வேறு. இம்மூன்றும் கூடாமையைத்தான் அச்சொல் குறிக்கிறது. இன்றைய வைத்தியம் சொல்வதும் ஏறக்குறைய இதுவே.

கருப்பையின் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு போர்த்திருக்கிறது. கரு வந்து பதியும் இடம் அதுதான். அதற்கு அடியடுக்கு ஒன்று, மேலடுக்கு ஒன்று. அடியடுக்கு நிலைத்திருப்பது. மேலடுக்கு மாதந்தோறும் வளர்ந்து, கரு வந்து பதியாவிட்டால் உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுவது. மாதவிடாய் என்பது அதுவே. விடாய் நின்ற கையோடு அச்சவ்வின் கனம் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். சூலகத்தில் முட்டை முதிர முதிர, ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு அதனை 8, 10, 12 மில்லிமீட்டர் என்று வளர்த்துக்கொண்டு போகும். முட்டை வெளிப்பட்ட பின் புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு சுரப்பு வந்து, வளர்ந்தது போதும், இனிப் பக்குவப்படு என்று ஆணையிடும். அப்போது சவ்வின் சுரப்பிகளில் சத்து நீர் ஊறும். சிறு இரத்தக் குழாய்கள் சுருள்சுருளாக நீளும். முட்டை வெளிப்பட்ட ஏறக்குறைய 6ஆம் நாள் முதல் 10ஆம் நாள் வரையில்தான் கருவை ஏற்கும் பக்குவம் அதற்கு உண்டு. அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நிலைத்து நின்ற கர்ப்பங்களில் நூற்றுக்கு 84, முட்டை வெளிப்பட்ட 8, 9, 10 ஆகிய நாட்களிலே பதிந்தவை என்று கண்டார்கள். நாள் தவறிப் பிந்திப் பதிந்த கருக்கள் கலைந்துபோவதும் மிகுதியாக இருந்தது.

இலக்கியம் படிப்பவர் அறியத்தக்க ஒரு சரித்திரம் இதில் உண்டு. முற்காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் பெண்களின் கருப்பையிலிருந்து இச்சவ்வைச் சுரண்டி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். ஒருத்திக்கு மெல்லியதாக இருந்தது, மற்றொருத்திக்குத் தடித்திருந்தது, இன்னொருத்திக்குச் சுரப்பிகள் வளைந்து நெளிந்திருந்தன. இவற்றிற்கெல்லாம் அழற்சி நோய் என்று பெயரிட்டு மருந்து கொடுத்தார்கள். 1908இல் வியன்னா நகரத்து ஹிட்ஷ்மன், அட்லர் என்னும் இருவர்தான் அந்தப் பெண்களிடம் மாதவிடாய் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். நோய் என்று எழுதி வைத்தவற்றுள் பெரும்பாலானவை நோயே அல்ல, ஒரே சவ்வின் வெவ்வேறு நாட்கோலம் என்பது அப்போதுதான் தெரிந்தது. நாளைக் கேளாமல் படித்தவர்கள் நலத்தை நோய் என்று படித்தார்கள். ஒரு செய்யுளை அதன் திணையும் காலமும் கேளாமல் உரை சொல்லும் புலவனுக்கும் இவர்களுக்கும் என்ன வேற்றுமை?

ஆகவே கருப்பையை வயலுக்கு ஒப்பிட்டது பொருந்தாது. வேறு உவமை வேண்டுமானால் நம் தோட்டத்திலேயே இருக்கிறது. ஜொகூரில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் பல. ஆயினும் பால்வெட்டிய கைகள் இன்னும் குளுவாங், லாபிஸ், கூலாய்ப் பக்கங்களில் இருக்கின்றன. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால்மரத்தின் பட்டையைக் கத்தி மெல்லிய சீவலாக எடுக்கும். கட்டைக்கும் பட்டைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு மெல்லிய உயிரடுக்கு உண்டு. அதைத் தொடாமல் வெட்டினால், வெட்டிய இடத்தில் சில வருஷத்தில் புதுப்பட்டை வந்துவிடும்; வெட்டுக்காரன் திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடியும் பால் எடுப்பான். கத்தி ஆழப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் அங்கே காயம். பட்டை முடிச்சு முடிச்சாக வரும், சீராக வராது. காலைப் பெரட்டில் தண்டலிடம் இதற்காக ஏச்சு வாங்காத வெட்டுக்காரன் உண்டா? கருப்பையின் சவ்வும் அப்படியே. மேலடுக்கு போனால் மறுபடி வரும். அடியடுக்கில் காயம் பட்டால் வருவது தழும்புதான்.

இது வெறும் உவமையன்று. பிரசவத்துக்குப் பின்னும் கருச்சிதைவுக்குப் பின்னும், உள்ளே மிச்சமிருப்பதை எடுக்கவேண்டிக் கருப்பையைச் சுரண்டுவதுண்டு. 'வயிறு கழுவுதல்' என்று நம்மவர் சொல்வது இதைத்தான். வேண்டிய இடத்தில் திறமையுள்ள கை செய்தால் அது உயிர் காக்கும் காரியம். அளவுக்கு மிஞ்சி ஆழச் சுரண்டினால் அடியடுக்கு காயப்பட்டு, கருப்பையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாதவிடாய் குறையும், சிலருக்கு நின்றே போகும். ஜெர்மானியர் ஹைன்ரிக் ஃபிரிட்ஷ் 1894இல் இதனைக் குறித்து வைத்தார். ஜோசப் ஆஷர்மன் 1948இல் பல பெண்களிடம் கண்டு விரிவாக எழுதினார். இன்று அவர் பெயராலேயே அந்நிலை வழங்குகிறது. மெல்லிய குழாயில் விளக்கும் கண்ணாடியும் பொருத்தி உள்ளே செலுத்தி, ஒட்டினவற்றைப் பார்த்துக்கொண்டே பிரித்து விடும் சிகிச்சை இப்போது உண்டு. எல்லாருக்கும் பலிப்பதில்லை, பலருக்குப் பலிக்கிறது. கவனியுங்கள்: முதலில் கருவுற்றவளுக்கே பெரும்பாலும் இந்தத் தழும்பு வருகிறது. கருவுற்று, கரு கலைந்து, சுரண்டப்பட்டு, அதனால் தழும்பேறியவளை ஊர் என்னவென்று அழைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டுமா?

காசநோயின் கதை இதனினும் பெரிது. இந்தியாவில் பிள்ளையின்மைக்குச் சொல்லப்படும் முக்கியமான காரணங்களில் பெண்ணுறுப்புக் காசநோயும் ஒன்று. நுரையீரலில் தங்கிய கிருமி இரத்தத்தின் வழியே கருக்குழாய்களுக்குப் போகிறது. அங்கிருந்து ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் கருப்பையின் சவ்வுக்கும் இறங்குகிறது. இருமல் இராது, காய்ச்சல் இராது. பிள்ளையில்லை என்று வைத்தியரிடம் வரும்போதுதான் முதன்முதல் தெரியவரும். கிருமியைக் கொல்ல மருந்துண்டு; ஏறக்குறைய ஆறு மாதம் விடாமல் சாப்பிடவேண்டும். காலந்தாழ்ந்தால் கிருமி செத்தும் தழும்பு நிற்கும். ஆகவே இதில் வருஷங்கள் விலையுள்ளவை. ஒவ்வொரு வருஷத்தையும் ஒவ்வொரு நேர்த்திக்கடனுக்குக் கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் ஆஸ்பத்திரிக்கு வருவதில் உள்ள நஷ்டம் இதுதான். தைப்பூசத்தில் கரும்புத்தொட்டில் சுமந்து செல்லும் தம்பதிகளைப் பழிப்பது என் கருத்தன்று. அவர்கள் மகிழ்ச்சியைக் கண்டு நானும் மகிழ்ந்திருக்கிறேன். வைத்தியரிடம் போகும் நாளைத் தள்ளிப்போடாத வேண்டுதலோடு எனக்குச் சண்டையில்லை.

உட்சவ்வே எல்லாம் என்று எண்ணிவிடவும் கூடாது. முட்டை வெளிப்படாமை, குழாய் அடைப்பு, சவ்விலே வளரும் சதைமொட்டு, உட்புறம் தள்ளி நிற்கும் கட்டி எனக் காரணங்கள் பல. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்தில் ஆணின் குறையும் காரணமாகவோ துணைக் காரணமாகவோ நிற்கிறது. அவன் விந்தணுவைப் பரீட்சிப்பது மிகச் சுலபம், கத்தியில்லை, வலியில்லை. பெண்ணுக்குச் செய்யும் எந்தச் சோதனையும் இவ்வளவு எளிதன்று. இருந்தும் வரிசையில் முதலில் நிற்பவள் அவளே. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, மனிதரில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு காலத்தில் இக்குறையை அனுபவிக்கிறார்கள். ஆறில் ஒருவரைத் தொடும் ஒரு சங்கதிக்கு ஊரில் ஒரே ஒருத்தியைப் பிடித்துப் பெயர் வைப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

வைத்தியர்களுக்கும் தங்கள் வேண்டுதல்கள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோதனைக்குழாய் முறையில் கருவைப் பதிப்பதற்கு முன் உட்சவ்வைச் சற்றே கீறிவிட்டால் கரு நன்றாய்த் தங்கும் என்ற நம்பிக்கை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பல தேசங்களில் பரவிற்று. பணமும் வாங்கினார்கள். 2019இல் ஐந்து தேசங்களில் 1364 பெண்களை இரு பகுதியாக்கிப் பார்த்தபோது, கீறிய பகுதியிலும் கீறாத பகுதியிலும் பிள்ளை பெற்றவர்கள் நூற்றுக்கு 26.1 என ஒரே கணக்காக வந்தது. கனம் 7 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கவலைப்படுகிறார்கள். அதற்குக் கீழேயும் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். சவ்வைத் தடிக்கச் செய்யும் லேகியம், பொடி என்று பட்டணத்துக் கடைகளில் விற்பவர்களிடம் இந்த 1364 பேரைப் போல எண்ணிக் காட்டும்படி கேட்டுப்பாருங்கள்.

நிற்க. இனி இலக்கியத்துக்கே திரும்புவோம்.

இவ்விஷயத்தில் தமிழில் வந்தவற்றுள் தலையாயது பெருமாள்முருகன் 2010இல் வெளியிட்ட 'மாதொருபாகன்' நாவல் என்பது என் முடிவு. திருச்செங்கோட்டைச் சூழ்ந்த உழவர் ஊர். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். காளியும் பொன்னாவும் ஒருவரையொருவர் உயிராக நேசிக்கும் தம்பதி. பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளையில்லை. மற்றொருத்தியைக் கட்டிக்கொள்ளச் சொல்லி ஊரும் உறவும் காளியை நெருக்குகின்றன, அவன் இசையவில்லை. பொன்னா கசப்புச் சாறுகளைக் குடிக்கிறாள். மலையுச்சியில் விழுந்தால் பிணம் என்னும் விளிம்பில் நிற்கும் வறடிக்கல்லைச் சுற்றிவருகிறாள். கடைசியில், தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில் முகமறியாத ஆணொருவனோடு கூடிப் பிள்ளை பெறலாம், அது சாமி கொடுத்த பிள்ளை என்ற பழைய வழக்கத்துக்கு, கணவன் சம்மதித்துவிட்டான் என்று பொய் சொல்லி அவளை வீட்டாரே அனுப்பிவைக்கிறார்கள்.

இந்நூலின் பெருமை அதன் காதுகளில் இருக்கிறது. பிள்ளையில்லாதவளிடம் ஊர் எப்படிப் பேசும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் கேட்டு எழுதியவர் வேறொருவரை நான் அறியேன். நேராக ஏசுவோர் சிலரே. மற்றவர் மாட்டைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள். சீர் செய்யும் இடத்தில் சற்றே கையை விலக்குவார்கள். இரக்கப்படுவதுபோல இடித்துவிட்டுப் போவார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர் எவரும் இப்பக்கங்களைப் படித்துவிட்டு, இது எங்கோ கொங்கு நாட்டுச் சங்கதி என்று தள்ளமாட்டார். இன்னொரு பெருமை காளி. பிள்ளையில்லாமை ஆணின் நெஞ்சையும் எப்படி அரிக்கிறது என்பதை நம் கதைகள் காட்டுவதில்லை, பெருமாள்முருகன் காட்டுகிறார்.

குறையும் உண்டு. பூவரச மரத்தைப் பற்றியும் தொண்டுப்பட்டியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதும் ஆசிரியர், பொன்னாவின் உடம்பை வெளியே நின்றே பார்க்கிறார். மாதந்தோறும் தள்ளிப்போகுமோ என்று நாளெண்ணி, இரத்தம் கண்டவுடன் இடிந்து உட்காரும் அந்த நாள் பிள்ளையில்லாதவளின் வாழ்வில் வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை வருகிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு நூற்றுநாற்பத்துக்கு மேல். அதனை நாவல் தொடுகிறது. அதற்குரிய இடத்தைத் தரவில்லை. மரத்துக்குக் கிடைத்த பக்கங்கள் அந்த நாளுக்குக் கிடைத்திருந்தால் நூல் இன்னும் உயர்ந்திருக்கும்.

பொன்னாவை ஏன் வைத்தியரிடம் அனுப்பவில்லை என்று கேட்பது விமரிசனமாகாது. அந்தக் காலத்து உழவருக்கு அது எட்டாதது. காலத்தைக் கேளாமல் படிப்பது மேலே சொன்ன பழைய வைத்தியர் செய்த பிழையாகும். ஆனால் குறை யாரிடத்தில் என்ற கேள்வியை ஆசிரியர் மறக்கவில்லை. இந்நாவலின் முடிவிலிருந்து இரு கிளையாகப் பிரிந்து 2014இல் வந்த தொடர்ச்சிகளுள் 'ஆலவாயன்' என்பதில் பொன்னா கருவுற்றிருக்கிறாள். ஒரே இரவு, கரு தங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷம் வறடிக்கல்லைச் சுற்றியவளின் கருப்பையில் குறையொன்றும் இருந்ததில்லை. அச்சவ்வு அத்தனை மாதமும் வளர்ந்து, பக்குவப்பட்டு, காத்திருந்து, உதிர்ந்துகொண்டே இருந்தது. இதனை ஆசிரியர் எங்கும் விளக்கி எழுதவில்லை. கதையாகவே சொல்லி, வாசகனைக் கணக்குப் பார்க்க விட்டுவிடுகிறார். அதுதான் கலை.

இதற்கு நேரான ஒரு நாடகம் ஸ்பெயின் தேசத்தில் உண்டு. கவி லோர்க்கா எழுதிய 'யெர்மா' 1934 டிசம்பரில் மாட்ரிட் நகரில் முதன்முதல் அரங்கேறிற்று. தலைவியின் பெயருக்கே தரிசு நிலம் என்பது பொருள். பார்த்தீர்களா, அங்கேயும் அதே வயல்தான். அவளும் பிள்ளைக்கு ஏங்குகிறாள்; கணவன் ஹுவானுக்குப் பிள்ளையில் ஆசையே இல்லை. கடைசிக் காட்சியில் பிள்ளையில்லாப் பெண்கள் கூடும் ஒரு புண்ணிய ஸ்தலத்துத் திருவிழா வருகிறது. அங்கே ஆண்களும் காத்திருக்கிறார்கள்! குறை உன் கணவனிடத்தில், என் மகனோடு வந்துவிடு என்று ஒரு கிழவி வெளிப்படையாகவே அழைக்கிறாள். யெர்மா மானம் பெரிதென்று மறுக்கிறாள். அதே மானத்தோடு கணவனைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறாள். திருச்செங்கோட்டுக்கும் ஸ்பெயின் மலைப்புறத்துக்கும் யார் தூது சென்றது? ஒருவருமில்லை. பெண்ணை நிலமாக்கிய இடமெல்லாம், விளைச்சலுக்கு இருட்டிலே ஒரு வழியையும் ஊரே வைத்துக்கொள்கிறது போலும். நாடகமாகப் பார்த்தால் யெர்மா கூர்மையானது. மனிதரை அறிவதில் நம் காளியும் பொன்னாவும் அதனினும் ஆழமானவர்கள். லோர்க்காவின் ஹுவானை வெறுக்கலாம். காளியை வெறுக்க முடியாது. ஆகையால்தான் தமிழ்க் கதையின் துயரம் பெரிதாகிறது.

2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் இந்நூலை எரித்தார்கள். 2015 ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய சமாதானப் பேச்சில் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவர் தாமே அறிவித்தார். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் நூலைத் தடைசெய்ய மறுத்து, அவர் மீண்டும் எழுதவேண்டும் என்று தீர்ப்பளித்தது. எழுத்துரிமை வென்றதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அக்காலத்துப் பேச்சுகளையும் அறிக்கைகளையும் நான் படித்த அளவில், ஊர் மானம் போயிற்று என்றவர்களும் எழுத்துரிமை போயிற்று என்றவர்களும் பொன்னாவைப் பற்றிப் பேசவில்லை. வறடி என்ற ஏச்சுக்காக எவரும் கடையடைக்கவில்லை. பதினான்காம் நாள் இரவு நடந்ததா இல்லையா என்று வழக்காடினார்கள். அவளை அந்த இரவுக்குத் துரத்திய பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு தெருவிலும் நடந்துகொண்டிருக்கிறதே என்பது வழக்கில் சேரவில்லை.

சினிமாவைப் பற்றி நெடிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1985இல் வந்த 'சிந்து பைரவி' நல்ல படம், சங்கீதம் உயர்ந்தது. அதிலும் பிள்ளையில்லா மனைவிக்கு மற்றொருத்தி தன் குழந்தையைத் தந்துவிட்டுப் போவதோடு கணக்கு நேராகிவிடுகிறது. நம் மலேசிய நாட்டில் நான் படித்த தோட்டக் கதைகள் சிலவற்றில் பிள்ளையில்லாத அத்தையோ சித்தியோ ஓர் ஓரத்தில் வருகிறாள். ஆயாக்கொட்டகையில் பிறர் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், கதைத்தலைவனுக்குப் படிக்கக் காசு கொடுப்பாள், நல்லவளாகவே செத்துப்போவாள். அவள் ஏன் அப்படியிருந்தாள் என்று கதை கேட்பதில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள், ஆறு மாதத்தில் கலைந்த கருவுக்குப் பின் யார் கை சுரண்டியது, கணவனை எவரேனும் சோதித்தார்களா என்பவை அவள் கதையின் உள்ளே கிடக்கும் கதை. அவளுக்கு மாமியார் உண்டு, கொழுந்தன் உண்டு, வரலாறு மாத்திரம் இல்லை.

இந்நாட்டில் கதை எழுதும் இளைஞர்களுள் பலர் இப்போது பட்டணத்தில் இருக்கிறார்கள். பிள்ளையின்மைக்குச் சிகிச்சை செய்யும் நிலையங்கள் ஜொகூர் பாருவிலும் இருக்கின்றன. அங்கே காத்திருக்கும் நாற்காலிகளில் தம்பதிகள் அமர்ந்திருக்கிறார்கள். பையில் அறிக்கைகள், அவற்றில் மில்லிமீட்டர்க் கணக்குகள், தொலைபேசியில் அம்மாவின் அழைப்பு. கணவன் பெயரைக் கூப்பிட்டு ஒரு சிறு குப்பியைக் கையில் கொடுத்து எதிர் அறையைக் காட்டுகிறார்கள். அவன் எழுந்து போகிறானா, அல்லது நாளைக்கு வருகிறேன் என்று மனைவியைப் பாராமல் வெளியே நடக்கிறானா? அந்த அறை வாசலில் தொடங்கும் தமிழ்க் கதையை நான் இன்னும் படிக்கவில்லை. எழுதியிருப்பவர் எவரேனும் இருந்தால் இப்பத்திரிகைக்கு அனுப்பட்டும். முதலில் படிக்கிறவன் நானாக இருப்பேன்.